பிரசவத்தோடு முடிந்துவிடாத பிரஷர்

“பிரஷரெல்லாம் ஆம்பளைங்களுக்கு வர்றது” என்று பல வீடுகளில் இன்னமும் நம்புகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 24 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பெண்களில் 21 சதவீதம். அந்தச் சின்ன இடைவெளியும் மாதவிலக்கு நின்றபின் சுருங்கிவிடுகிறது. முதுமையில் பெண்களே முந்துகிறார்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னொரு நம்பிக்கை: “மாசமா இருந்தப்போ பிரஷர் வந்துச்சு, குழந்தை பிறந்ததும் போயிடுச்சு.” அளவு இறங்குவது உண்மைதான்; பெரும்பாலும் 12 வாரங்களுக்குள் இறங்கிவிடும். ஆனால், பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களில் திடீரென மறுபடி ஏறவும் கூடும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்றால், தூக்கமில்லாததால் வருகிறது என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் வெளியேறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துகிறோம். தாயின் பிரசவ ஃபைலை ஏன் பழைய பேப்பரோடு போடுகிறோம்? ஆண்டுதோறும் பிரஷர் பாருங்கள். ஐம்பது வயதில் மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததைச் சொல்லுங்கள்.

“வீட்டுக்காரர் போடுற மாத்திரையே எனக்கும் போதும்” என்பது அடுத்த நம்பிக்கை. வேண்டவே வேண்டாம். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. கர்ப்பிணிகளுக்கு லபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று தனி மருந்துகள் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்; நாமாக நிறுத்தவும் கூடாது.

பெண்களுக்கு மருந்து சரியாகக் கேட்காது என்பதும் தவறு. அழுத்தம் குறைந்தால் இருபாலருக்கும் ஒரே அளவு நன்மைதான். வேறுபடுவது பக்கவிளைவு. எனலாப்ரில் வகையால் வறட்டு இருமலும், அம்லோடிபினால் கால் வீக்கமும் பெண்களுக்கே அதிகம். இந்த வேறுபாடு தாமதமாகத்தான் கவனத்துக்கு வந்தது. மாத்திரையால் உயிர் காக்க முடியும் என்று காட்டிய 1967ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் இருந்த 143 பேரும் ஆண்களே! எனவே, இருமுகிறது, வீங்குகிறது என்றால் “உடம்புவாகு” என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது.

ஆண்களும் ஒன்றை மறைக்கிறார்கள். ஸ்பைரனோலாக்டோன் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையும் மாற்றித் தருவார்.