விமானம் விழுந்தால் இயக்குநர்களுக்கு என்ன?

கேள்வி: விமானக் கம்பெனியில் தப்பு நடந்தால் என்ஜினீயரைப் பிடிக்கலாம். இயக்குநர் குழுவைக் கேட்க முடியுமா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: கேட்டிருக்கிறார்கள். போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்தன. 346 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் மென்பொருள், ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பியது. அது என்ஜினீயர் சமாசாரம்.

பங்குதாரர்கள் இயக்குநர்கள்மேல் வழக்குப் போட அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் மேல்மாடிக் கதை அம்பலமானது. முதல் விபத்தின்போது, விமானங்களின் பாதுகாப்பைக் கவனிக்கவென்று இயக்குநர் குழுவில் ஒரு கமிட்டிகூட இல்லை. கணக்குத் தணிக்கைக்கு இருந்தது, சம்பளம் நிர்ணயிக்க இருந்தது. விமானம் செய்கிற கம்பெனியில்! தோசைக் கடையில் கல்லாவுக்கு ஆள் போட்டுவிட்டு மாவை யாரும் பார்க்காத மாதிரி. அந்தக் கமிட்டி வந்தது இரண்டாவது விபத்துக்குப் பிறகு, 2019-இல்.

வழக்கை நடத்தலாம் என்று 2021-இல் நீதிபதி சொன்னார். அதே ஆண்டு 23.75 கோடி டாலருக்குச் சமரசம். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். பணம் கட்டியது இயக்குநர்கள் அல்ல, அவர்களுக்கான காப்பீட்டு நிறுவனங்கள். அது போய்ச் சேர்ந்ததும் போயிங் கஜானாவுக்கே. உயிர் இழந்தவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்குகள் தனி.