மேதைக்கும் ஆசான் வேண்டும்



மேதை என்பவன் சகல வித்தையும் கற்றே பிறக்கிறான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இதற்குத் திருஷ்டாந்தமாகச் சங்கீத மேதை மோட்சார்ட்டைக் காட்டுவார்கள். ஐந்து வயதில் இசை இயற்றியதும், 1762-ல், ஆறு வயதில், வியன்னா அரச குடும்பத்தார் முன் வாசித்ததும் மெய்தான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டையும் சற்றுப் பாருங்கள்.

தகப்பனார் லெயோபோல்ட், சால்ஸ்பர்க் அதிமேற்றிராணியாரின் வாத்தியக் குழுவில் வித்துவான். அவருடைய வயலின் போதனை நூல் வெளிவந்ததும், மகன் பிறந்ததும் ஒரே வருஷம்: 1756. மூத்த மகள் நானெர்லுக்காக 1759-ல் அவர் அமைத்த பாடப் புத்தகத்திலேயே தம்பியும் பயின்றான். அதில் ஒரு பாடத்தின் கீழ், 1761 ஜனவரி 26 இரவு ஒன்பதரை மணிக்கு, அரை மணி நேரத்தில் பையன் இதைக் கற்றான் என்று தகப்பனார் குறித்திருக்கிறார். மறுநாள்தான் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைவு. அந்த அரை மணியை உலகம் வியக்கிறது. நேரம் பார்த்து எழுதிவைத்த தகப்பனை யார் நினைக்கிறார்கள்?

1767-ல் சிறுவன் எழுதிய நான்கு பியானோ கான்செர்ட்டோக்கள், பிறர் இயற்றியவற்றை எடுத்து அமைத்த பயிற்சிகளே. முழுதும் சொந்தமான முதல் பியானோ கான்செர்ட்டோ 1773-ல்தான் பிறந்தது. இதற்கிடையே 1770-ல், பொலோஞா நகரில், பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த மார்த்தினி சுவாமியாரிடம் பல குரல்களை இசைவாகப் பின்னும் வித்தையைக் கற்றான். அங்கே சங்கீதக் கழகப் பரீட்சைக்கு அவன் எழுதியதைச் சுவாமியார் திருத்தி அமைத்த பிரதி இன்றும் இருக்கிறது. 1785-ல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வர் இசைகளையும், நீண்ட, கடினமான உழைப்பின் கனி என்றே மோட்சார்ட் குறிப்பிட்டார்.

அப்படியானால் பிறவி வரம் என்று ஒன்று இல்லையா? உண்டு. விதையின்றி விளைச்சல் இல்லை. ஆனால் நீர் வார்ப்பதை நிறுத்திவிட்டால்? நானெர்லும் அதே தகப்பனிடம் படித்து, அதே அரண்மனைகளில் வாசித்துப் பெயர் பெற்றவள். 1769-ல் தகப்பனும் தம்பியும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, பதினெட்டு வயதான அவள் வீட்டில் நிறுத்தப்பட்டாள். அவள் இயற்றிய ஒரு பாட்டை 1770-ல் தம்பி கடிதம் எழுதி மெச்சினான். அந்தப் பாட்டு இன்று நம்மிடம் இல்லை.

பெற்றோரே, "என் பிள்ளைக்கு அந்த வரம் இல்லை" என்று தீர்ப்பிடுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க யாரை அமர்த்தினோம்? எத்தனை நாள் பொறுத்தோம்? மகனுக்குக் கொடுத்ததை மகளுக்கும் கொடுத்தோமா?