உலகப் பணச் சந்தை: ஓர் அறிமுகம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

இயற்பியல் படிக்கும் மாணவனுக்குப் பணச் சந்தையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தைப் படிக்காமலேயே புரட்டிவிடுவோர் நம்மில் பலர். ஆனால் பெட்ரோல் விலையும், வங்கியில் போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வட்டியும் அப்பக்கத்து எண்களோடு தொடர்புடையவை. என்னைப் போல வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இதனை அறிவது மிகவும் தேவை. ஏனெனில், கையெழுத்துக் கேட்டு வரும் தாள் எதுவாயினும், ‘படித்துச் சொல்’ என்று நம்மிடம்தான் நீட்டப்படுகிறது.

பங்கும் கடன் பத்திரமும்

ஒரு நிறுவனம் மக்களிடம் பணம் திரட்ட இரு வழிகள் உண்டு. ஒன்று, பங்கு விற்றல். பங்கு வாங்கியவர் அந்நிறுவனத்தின் உரிமையாளருள் ஒருவர். இலாபம் வந்தால் அவருக்கும் பங்குண்டு. நட்டம் வந்தால் போட்ட பணம் போகும். மற்றொன்று, கடன் பத்திரம். இதை வாங்கியவர் கடன் கொடுத்தவர். அவருக்குக் குறித்த வட்டியும், தவணை முடிவில் முதலும் வர வேண்டும். அரசாங்கங்களும் இவ்வாறே கடன் வாங்குகின்றன.

ஹாலந்து நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றது. அப்பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கைமாறத் தொடங்கின. நியூயார்க் பங்குச் சந்தை 1792-இல் 24 தரகர்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்தது. பம்பாய்ப் பங்குச் சந்தை 1875-இல் தோன்றியது.

வட்டியும் விலையும்

வட்டி விகிதம் ஏறினால் பழைய கடன் பத்திரத்தின் விலை இறங்கும். இது தராசின் இரு தட்டுகளைப் போன்றது. 1,000 ரூபாய்ப் பத்திரம் ஒன்று ஆண்டுதோறும் 80 ரூபாய் வட்டி தருவதாகவும், அதற்குத் தவணை முடிவே இல்லை என்றும் கொள்வோம். சந்தையில் வட்டி 10 விழுக்காடு ஆகிவிட்டால், 80 ரூபாய் வருவாய்க்கு எவரும் 800 ரூபாய்க்கு மேல் கொடுக்கமாட்டார். பத்திரத்தின் விலை 800-க்கு இறங்கும்.

இந்த வட்டி விகிதத்துக்குத் திசை காட்டுபவை மைய வங்கிகள். இங்கிலாந்து வங்கி 1694-இலும், அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் 1913-இலும், நமது ரிசர்வ் வங்கி 1935-இலும் ஏற்பட்டன. மைய வங்கிகளுக்கே வங்கியாக விளங்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1930-இல் நிறுவப்பட்டது.

நாணய மாற்று

1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கு உருவானவையே. அன்று, ஓர் அவுன்ஸ் பொன்னுக்கு 35 டாலர் என்றும், பிற நாணயங்களுக்கு டாலரே அளவுகோல் என்றும் ஏற்பாடாயிற்று. 1971 ஆகஸ்டு 15-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் டாலருக்குப் பொன் தருவதை நிறுத்தினார். அதன்பின் முக்கிய நாணயங்களின் மதிப்பைச் சந்தையே நிர்ணயிக்கலாயிற்று. 2022 ஏப்ரலில் உலக நாணயச் சந்தையில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது.

திருப்பூர்ப் பின்னலாடை வணிகர் ஒருவருக்கு 1,000 டாலர் வர வேண்டியிருப்பதாகக் கொள்வோம். டாலர் 80 ரூபாயிலிருந்து 82 ஆனால் அவருக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அதே நாளில் வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்குபவருக்கு அவ்வளவும் கூடுதல் செலவு.

நாடும் இதற்கு விலக்கன்று. 1991-இல் வளைகுடாப் போரால் எண்ணெய்ச் செலவு பெருகியபோது, இந்தியாவிடம் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் பொன்னை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடாக வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் பெற்றது. வீட்டு நகையை அடகு வைப்பவரின் நெருக்கடிதான் நாட்டுக்கும் நேர்ந்தது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

அமெரிக்காவில், திருப்பித் தரும் வசதி உண்டா என்று பாராமலே பலருக்கு வீட்டுக் கடன் கொடுத்தனர். அக்கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பத்திரங்களாக்கி விற்றனர். அவற்றுட் பல ‘மிகப் பாதுகாப்பானவை’ என்று முத்திரையும் பெற்றன. வீட்டு விலை சரிந்ததும் கட்டடம் ஆட்டங்கண்டது. 1850-இல் தோன்றிய லேமன் பிரதர்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பர் 15-இல் திவால் மனு கொடுத்தது.

எங்கள் பக்கத்திலும் வங்கியைவிட இருமடங்கு வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில், பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்ததைப் போட்டு இழந்தவர்கள் உண்டு. அளவு வேறு; விதி ஒன்றே. வட்டி கூடுமிடத்தில் ஆபத்தும் கூடும்.

ஆகவே, தாள் ஒன்று நம்மிடம் நீட்டப்படும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இது பங்கா, கடனா? பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது? அவரைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கியா, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ‘செபி’யா, அல்லது எவருமே இல்லையா? விடை தெளிவாகும் வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்வோம். நாம் கற்ற கல்வியின் பயன் அவர்களுக்கும் சேரட்டும்.