நாசில் போச்சா? டீசல் இஞ்செக்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறதா? ஐடிலிங்கில் உதறுகிறதா? தெருவே கூடி ஒரே தீர்ப்பைச் சொல்லும்: "நாசில் போச்சு." கடையில் நான்கு இஞ்செக்டருக்குச் சொல்லும் விலையைக் கேட்டதும் அடுத்த யோசனை தானாக வரும். ஸ்பானர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, நாமே கழற்றிச் சுத்தம் செய்துவிட்டால் என்ன?

இந்த வேலையைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் பெரும்பாலும் வெறும் புரளி அல்ல. ஒரு காலத்து என்ஜினுக்கு அவை உண்மையாகவே இருந்தன. அம்பாசடர் டீசலிலும், 1998 கடைசியில் வந்த முதல் இண்டிகாவிலும் இஞ்செக்டர் என்பது ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி, ஒரு நாசில், அவ்வளவுதான். பம்ப் தள்ளும் டீசலின் அழுத்தம் சுமார் 120 முதல் 150 பாரைத் தொட்டால் ஊசி தூக்கிக்கொண்டு டீசல் பீய்ச்சும். மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் முழுவதும் அதில் உருவானது.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில், அதாவது எல்லா இஞ்செக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கித் தரும் முறை, விற்பனைக்கு வந்தது. நம் ஊர்த் தெருக்களில் அதைப் பரப்பியது 2007 ஜனவரியில் வந்த ஸ்விஃப்ட் டீசல் என்று சொல்லலாம், ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின். அதில் ரெயில் அழுத்தம் 1,400 பார் வரை ஏறும். பின்னால் வந்த கார்கள் 2,000 பாரைத் தொட்டன. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான்.

நம்பிக்கை: என்ஜின் ஓடும்போது பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்தால் எந்த நாசில் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

பழைய என்ஜினில் தெரிந்துவிடும். நட்டைத் தளர்த்தியதும் டீசல் கசியும்; அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தால் என்ஜின் சத்தம் மாறும், ஏற்கெனவே செத்திருந்தால் மாறாது. பழைய கை மெக்கானிக் யாரும் இதைச் செய்யாமல் இருந்திருக்க மாட்டார்.

காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. அது சும்மா ஐடிலிங்கில் ஓடும்போதே ரெயிலில் 250, 300 பார் இருக்கும். தளர்ந்த நட்டின் இடுக்கிலிருந்து வரும் டீசல் சொட்டாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீற்றாகப் பாயும். அந்தக் கீற்று தோலைத் துளைக்க 10 பார்கூடத் தேவையில்லை. இதில் மோசமான விஷயம், காயம் காயம் மாதிரியே இருக்காது. விரலில் முள் குத்தியதுபோல ஒரு புள்ளி. முதலில் வலிகூடப் பெரிதாக இராது. கழுவித் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன டீசல் தசைநார் உறை வழியாகப் பரவி, சில மணி நேரத்தில் கை வீங்கும். அறுவை செய்து திறந்து சுத்தப்படுத்த வேண்டிய அவசரம் அது. தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். அப்படி நேர்ந்தால் ஆஸ்பத்திரியில் "சின்னக் காயம்" என்று சொல்லாதீர்கள். "அதிக அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லி, கை அறுவை செய்யும் டாக்டரைக் கேளுங்கள்.

கசிவு தேட வேண்டுமென்றால் அட்டைத் துண்டை நீட்டுங்கள், கையை அல்ல. எந்த சிலிண்டர் என்று அறிய ஸ்கேனர் போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு (என்ஜினை ஆளும் கணினி) எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்று திரையிலேயே காட்டும்.

நம்பிக்கை: புகை வந்தால் இஞ்செக்டர்தான்.

பல கேஸ்களில் இஞ்செக்டர் நிரபராதி. கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், கரி பிடித்த இஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் வால்வு) எல்லாமே காரணமாகலாம். குளிரில் வெள்ளைப்புகை என்றால் முதலில் க்ளோ பிளக்கைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் பக்கம் காற்று இழுக்கலாம்.

இஞ்செக்டர்தானா என்று உறுதி செய்ய வீட்டிலேயே ஒரு நல்ல சோதனை உண்டு. ரிட்டன் சோதனை என்பார்கள். ஒவ்வொரு இஞ்செக்டரின் தலையிலும் உபரி டீசல் டேங்குக்குத் திரும்பும் மெல்லிய ரிட்டன் பைப் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் ட்யூபைச் சொருகி, மறுமுனையை ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விடுங்கள். கழற்றிய ரிட்டன் பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். மூன்று பாட்டிலில் அடிமட்டத்தில் கொஞ்சம் நிற்க, நான்காவது மட்டும் மளமளவென்று நிறைந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். உள்ளேயிருக்கும் வால்வு சீட் தேய்ந்து, ரெயில் அழுத்தம் அதன் வழியாக ஓடிப்போகிறது. என்ஜின் ஸ்டார்ட்டே ஆகாத காரில்கூட, செல்ஃப் அடிக்கும்போதே ஒரு பாட்டில் நிறைவதைப் பார்க்கலாம். நான்கும் சமமாக, ஆனால் அதிகமாக நிறைந்தால், உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: சொலினாய்டு காயிலுக்குப் பதில் பியஸோ படிகத்தால் இயங்கும் பியஸோ வகை இஞ்செக்டர்களில் ரிட்டன் பக்கமும் அழுத்தம் இருந்தாக வேண்டும். அவற்றில் இப்படித் திறந்துவிட்டு ஓட்டாதீர்கள்.

நம்பிக்கை: கழற்றி, ஊறவைத்து, பிரஷ் போட்டால் புதுசு.

பழைய நாசில் அப்படித்தான் சரியானது; அதற்கும் கடை இருந்தது. 1951-இல் தொடங்கிய, டீசல் பம்ப் தயாரித்த பெங்களூர் மைக்கோ கம்பெனி 2008-இல் போஷ் என்று பெயர் மாறிவிட்டாலும், "மைக்கோ பம்ப்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் பம்ப் கடைகளில் கைப்பிடி வைத்த டெஸ்டரில் நாசிலை மாட்டி அழுத்துவார்கள். சரியான அழுத்தத்தில் கிர்ரென்று அதிர்ந்து புகைபோலப் பீய்ச்சினால் பாஸ். சொட்டினால் சுத்தம். அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு ஷிம்.

காமன் ரெயில் நாசிலின் துளை பல என்ஜின்களில் 0.12 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு சில மைக்ரான். கம்பி பிரஷ் அந்தத் துளையின் வாயைச் சிதைக்கும். பீய்ச்சும் வடிவம் கெட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். அல்ட்ராசோனிக் தொட்டி வெளிக்கரியை எடுக்கும், மறுக்கவில்லை. தேய்ந்த வால்வு சீட்டை அது வளர்த்துத் தராது.

வீடியோக்களில் இன்னொன்று காட்டுகிறார்கள்: பேட்டரி ஒயரை நேராக இஞ்செக்டர் பின்னில் தொட்டு, திறக்க வைத்து ஸ்ப்ரே அடிப்பது. சொலினாய்டு காயிலின் மின்தடை பல இஞ்செக்டர்களில் ஓர் ஓமுக்கும் கீழே. ஈசியு மில்லிசெகண்ட் கணக்கில் மின்சாரம் கொடுத்து உடனே குறைக்கும். நீங்கள் 12 வோல்ட்டைத் தொட்டுப் பிடித்தால் காயில் கருகும். சுத்தம் செய்யப் போன இஞ்செக்டர் குப்பைக்குப் போகும்.

நம்பிக்கை: கழற்றி மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

சில கார்களில் உண்மை. சிலவற்றில் இஞ்செக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு, முறுக்கினால் உடலே உடையும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டும். ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது கழற்றுவதைப் பற்றி அல்ல, மாட்டுவதைப் பற்றி. இஞ்செக்டர் மூக்கின் கீழே ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. இஞ்செக்டரை உருவும்போது அது இஞ்செக்டர் உட்காரும் குழியின் அடியிலேயே தங்கிவிடுவது சகஜம். கவனிக்காமல் மேலே புதியதைப் போட்டால் இரட்டை வாஷர். நாசில் உயர்ந்துவிடும், பீய்ச்சு தவறான இடத்தில் விழும். பழைய வாஷரையே திரும்பப் போட்டாலோ, சீட்டில் கரித்துகள் இருந்தாலோ சிலிண்டரில் எரிந்த வாயு கசியும். முதலில் "சுக் சுக்" என்று ஒரு சத்தம், காருக்குள் புகை நாற்றம். சில மாதத்தில் இஞ்செக்டரைச் சுற்றித் தார்போல் கறுப்பாக இறுகிவிடும். புது வாஷர், சுத்தமான சீட், கிளாம்ப் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச். இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

புது இஞ்செக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு அச்சிட்டிருந்தால் அது அழகுக்கு அல்ல. ஒரே மாடல் இஞ்செக்டர்களும் பீய்ச்சும் அளவில் துளி வேறுபடும். அந்த வேறுபாட்டைத்தான் குறியீடு ஈசியுவுக்குச் சொல்கிறது. மாற்றினாலும், இடம் மாற்றி மாட்டினாலும், ஸ்கேனரில் பதிய வேண்டும்.

நம்பிக்கை: டேங்கில் கொஞ்சம் டூ-டி (டூ-ஸ்ட்ரோக் என்ஜின்) ஆயில், கொஞ்சம் மண்ணெண்ணெய்.

வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாம் போடும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதனால் வழவழப்பு குறைந்தது என்பது வாதம். அந்தக் குறையை ஈடுகட்டும் சேர்மானத்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கலக்கிறார்கள். வழவழப்புக்கும் தர வரம்பு உண்டு. டூ-டி ஆயில் எரிந்து விடும் சாம்பல், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள காரில் அதற்குள் போய்ச் சேரும். மண்ணெண்ணெயோ பம்பை வறள வைத்துத் தேய்க்கும். தேய்ந்த உலோகத்தூள் நேராக இஞ்செக்டருக்குப் போகும்.

இஞ்செக்டரைக் காப்பாற்ற வீட்டில் செய்யக்கூடிய பெரிய வேலை பான்ட்டில் கறை படாத வேலைதான்: டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது. புது ஃபில்டரைக் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள், அது வடிகட்டாத டீசல். கைப்பம்ப் இருந்தால் அதை அடித்து நிரப்புங்கள்.

அதையும் தாண்டி இஞ்செக்டர் கடைக்குப் போக வேண்டியதுதான் என்றால், ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதி, மூக்கை மூடிக் கொடுங்கள். ஐடிலிங், ஃபுல் லோடு, ப்ரீ-இன்ஜெக்ஷன், ரிட்டன் எனத் தனித்தனி அளவோடு டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட்டை, வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எனப் பிரின்ட் எடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நான் பார்த்துக்கிறேன்" என்கிற கடையில் கொடுக்காதீர்கள்.