அனர்த்த காலத் தொண்டர் படை: அமெரிக்க மாநிலங்களின் அனுபவமும் நமது லயங்களும்



உங்கள் தோட்டத்தில் அனர்த்தக் குழு இருக்கின்றதா என்று யாராவது வந்து கேட்டால் "இருக்குதுங்க ஐயா" என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் மேலிடத்துக்கு அறிக்கை எழுதி வந்தேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நான் அப்போது வேலை செய்த தோட்டத்திலும் ஒரு குழு அமைத்தோம். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். மஞ்சள் சட்டை, விசில், டோர்ச் லைட் எல்லாம் வந்து சேர்ந்தன. வரிசையாக நிற்க வைத்துப் படமும் பிடித்தோம்.

ஐந்து வருசம் கழித்து ஒரு நவம்பர் மாத ராத்திரியில்தான் அந்தக் குழுவுக்குப் பரீட்சை வந்தது. பின்னேரத்திலிருந்து ஊற்றிய மழையில் மேட்டு லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆட்களைப் பாடசாலைக்கு இறக்கினோம். குழுவில் நாலு பேர் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேர் கலியாணம் முடித்து வேறு தோட்டத்தில். ஒருவர் காலமாகிவிட்டார். விசில் யாரிடம் இருக்கின்றது என்று எவருக்கும் தெரியவில்லை. பாடசாலை மண்டபத்தில் ஆட்களை எண்ணினோம். எண்ணும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தொகை வந்தது. "ஐயா, கடைசிக் காம்பரா அப்பாயியக் காணலீங்க" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு சொன்னதும் மூன்று பையன்கள் திரும்ப மேலே ஓடினார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முக்கால் மணி நேரம் அவர்கள் அந்தச் சரிவில் தேடினார்கள். அப்பாயி முதல் நாளே கீழ் டிவிசனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த விசயம் விடிந்த பிறகுதான் தெரிய வந்தது.

மலை அன்றைக்குச் சரியவில்லை. பையன்களும் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. நல்ல மனதோடு அமைத்த ஒரு தொண்டர் குழு ஏன் இப்படிக் கரைந்து போகின்றது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவின் மாநிலத் தொண்டர் படைகளைப் பற்றி வாசிக்கக் கிடைத்தது. அவ்வளவு பெரிய பணக்கார நாட்டிலும் இதே கதை நூறு வருசமாக நடந்து வருகின்றது. ஆகவே அதை இந்தப் பாடத்தில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர். வெள்ளம், காட்டுத்தீ, சூறாவளி என்றால் ஆளுநர் முதலில் கூப்பிடுவது தேசியக் காவல் படையை. இதில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் சாதாரண நாட்களில் தங்கள் சொந்தத் தொழிலைச் செய்துகொண்டு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போகிறவர்கள். ஆனால் இந்தப் படைக்கு இரண்டு எஜமானர்கள். யுத்தம் என்று வந்தால் ஜனாதிபதி அதே படையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம். நமது தோட்டத்து லொறியை எண்ணிப் பாருங்கள். கொழுந்து ஏற்றவும் அதுதான், பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதுதான். இரண்டு தேவையும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்குக் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

1917இல் முதலாம் உலக யுத்தத்துக்குத் தேசியக் காவல் படை போனதும் மாநிலங்கள் காலியாக நின்றன. ஆகவே வயது போனவர்களையும் யுத்தத்துக்கு எடுக்கப்படாதவர்களையும் சேர்த்துத் தங்களுக்கென்று உள்ளூர்ப் படைகளை அமைத்துக்கொண்டன. யுத்தம் முடிந்ததும் கலைத்துவிட்டன. 1940இல் திரும்பவும் அதே நிலைமை வந்தது. அந்த வருசம் ஒரு சட்டம் கொண்டுவந்து மாநிலப் படைகளை மீண்டும் அமைத்தார்கள். 1947 அளவில் அவற்றையும் கலைத்தார்கள். 1955இல்தான் மாநிலங்கள் நிரந்தரமாகவே இப்படியொரு படையை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமானது. இந்தப் படையை ஜனாதிபதி யுத்தத்துக்கு அழைத்துக்கொள்ள முடியாது. அது ஆளுநருக்கு மட்டுமே உரியது. சட்டம் வந்தும் பெரும்பாலான மாநிலங்கள் சும்மா இருந்தன. 1980களில் ஒரு புத்துயிர் ஏற்பட்டது. இன்றைக்குச் சுமார் 20 மாநிலங்களில் இவை இயங்குகின்றன. பல மாநிலங்களில் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, சீருடையைக் கூட ஆள் தன் காசில் வாங்க வேண்டும்.

இப்படை எதற்கு என்று கேட்டவர்களுக்கு 2005 ஓகஸ்ட் மாதம் கத்ரீனா சூறாவளி பதில் சொன்னது எனலாம். லூசியானா, மிசிசிப்பி என்ற இரண்டு மாநிலங்களையும் அது தாக்கியபோது, அந்த மாநிலங்களின் தேசியக் காவல் படையினர் ஆயிரக்கணக்கில் ஈராக்கில் இருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் செத்தது. அச்சமயம் தூரத்து மேரிலாந்து மாநிலத்தின் தொண்டர் படையைச் சேர்ந்த வைத்தியர்களும் தாதிமாரும் லூசியானாவுக்குப் போய் மருத்துவ நிலையங்களை நடத்தினார்கள்.

அடுத்தது 2017இல் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய ஹார்வி சூறாவளி. சில இடங்களில் சில நாட்களுக்குள் 1,500 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை. நமது பக்கத்தில் 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் விழுந்தாலே மலைச்சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பதை வைத்து இதை அளந்து பாருங்கள். டெக்சாஸ் மாநிலக் காவல் படை படகில் போய் ஆட்களைக் காப்பாற்றியதும் உண்டு. பத்திரிகையில் படம் வருவது அதற்குத்தான். ஆனால் என் மனதைத் தொட்டது வேறொரு வேலை. அகதி முகாம்களை நடத்துவதும், வெளியேறி வருகிறவர்களைப் பதிவு செய்வதும் இந்தப் படையின் முக்கியமான கடமைகள். ஆளின் கையில் இலக்கப் பட்டி ஒன்றைக் கட்டி, பெயரையும் எந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் கணினியில் ஏற்றிவிடுகின்றார்கள். அம்மா ஒரு முகாமிலும் பிள்ளை இன்னொரு முகாமிலும் போய்ச் சேர்ந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். இருக்கின்ற ஆளைக் காணவில்லை என்று வெள்ளத்துக்குள் திரும்ப ஒருவரும் இறங்கத் தேவையில்லை. இதை வாசித்தபோது எனக்கு அந்த மூன்று பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சீருடை என்றால் அதைத் தேடி வருகிறவர்களில் எல்லா விதமானவர்களும் இருப்பார்கள். 1987இல் யூட்டா மாநிலத்தின் படையில் இனவாதக் கும்பல்களோடு தொடர்புள்ளவர்கள் புகுந்திருந்தது வெளியாகி, அதிகாரிகள் பலரை நீக்க வேண்டி வந்தது. புளோரிடாவின் கதை அண்மைக் காலத்தது. 1947இல் கலைத்த படையை 75 வருசம் கழித்து, 2022இல், ஆளுநர் ரொன் டிசாண்டிஸ் மீண்டும் உயிர்ப்பித்தார். சூறாவளிக்கு உதவப் போகின்றோம் என்று சொல்லி 400 தொண்டர்களும் 1 கோடி டொலரும் ஒதுக்கப்பட்டது. அடுத்த வருசமே அது 1,500 பேராகவும் 10 கோடி டொலருக்கு மேலாகவும் ஏறியது. பொலிஸ் அதிகாரம் உள்ள ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். அனர்த்தத்தில் உதவலாம் என்று வந்த சிலர், பயிற்சி இராணுவப் பயிற்சி போலாகிவிட்டது என்று சொல்லி விலகிப் போனார்கள். அதே 2023இல் இடாலியா சூறாவளி வந்தபோது அந்தப் படை களத்தில் வேலை செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். என்றாலும் சாப்பாடு பரிமாறவும் மரம் வெட்டவும் வந்தவன் கையில் துவக்கைக் கொடுத்தால் வந்த நோக்கம் மாறிப் போகும் என்பது என் அபிப்பிராயம்.

சீருடையே இல்லாத ஒரு வழியும் அந்த நாட்டிலேயே உண்டு. 1985 செப்டெம்பரில் மெக்சிக்கோ நகரத்தில் பெரிய பூமியதிர்ச்சி. அக்கம்பக்கத்துச் சனங்களே வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டிச் சுமார் 800 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்படிக் காப்பாற்றப் போனவர்களில் சுமார் 100 பேர் செத்துப் போனார்கள். இதைப் பார்த்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புப் படையினர் ஒரு விசயத்தைப் புரிந்துகொண்டார்கள். எவ்வளவு தடுத்தாலும் சனம் ஓடிப் போய்க் காப்பாற்றத்தான் பார்க்கும். ஆகவே செத்துப் போகாமல் காப்பாற்றுவது எப்படி என்று முன்கூட்டியே பழக்க வேண்டும். 1986இல் ஒரு குடியிருப்பின் 30 பேரோடு தொடங்கினார்கள். இன்று அந்தப் பயிற்சி அமெரிக்கா முழுவதும் நடக்கின்றது. ஏறக்குறைய 20 மணித்தியாலப் பாடம். முதலுதவி, சிறு தீயை அணைத்தல், தனியே போகாமல் சோடியாகப் போதல், எப்போது உள்ளே போகக் கூடாது என்று தீர்மானித்தல் என்பவைதான் அதில் உள்ளன. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கஷ்டமான பாடம்.

இப்போது நமது லயத்துக்கு வருவோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் கூடுதலாக அடிபட்டன. பாதை உடைந்து, கரண்டும் போனும் இல்லாமல் எத்தனையோ தோட்டங்கள் தனித்து நின்றதை நீங்களே பார்த்தீர்கள். முதல் சில மணித்தியாலத்தில் வெளியிலிருந்து எவரும் வர மாட்டார்கள். அடுத்த காம்பராக்காரர்தான் வருவார்.

ஆகவே குழுவைத் திரும்ப உயிர்ப்பிக்கும்போது முதல் வேலையாகச் சட்டை தைக்கக் கொடுக்காதீர்கள். பெயர் எழுதுங்கள். செக்ரோலில் பெயர் உள்ளவர் எந்த மலையில் நிற்கின்றார் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். செக்ரோலில் இல்லாத அப்பாயியும், கைக்குழந்தையும், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகனும் எங்கே என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கொப்பி வேண்டும். காம்பரா இலக்கம், இருப்பவர்கள், நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், மருந்து குடிக்கிறவர் யார் என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்தார், யார் போனார் என்று திருத்த வேண்டும். இந்த வேலைக்கு லயத்துக்கு இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். யார் வீட்டில் யார் தங்கியிருக்கின்றார் என்பது தண்ணீர்ப் பீலியடியில்தான் முதலில் தெரிய வருகின்றது, நமது ஆம்பிளைகளுக்கு அல்ல.

இரண்டாவது, மழையை அளப்பது. பல தோட்டங்களில் மழைமானி இருக்கின்றது, ஆனால் அந்தக் கணக்கு ஒபீஸ் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் சாமான் கட்டித் தயாராக நிற்பது, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால் வெளியேறுவது என்பதுதான் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. நிலத்தில் வெடிப்பு, மரமோ தூணோ சாய்வது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, தண்ணீர் சேறாக வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டால் அளவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே இறங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

ஒரு விசயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். குழு இருக்கின்றது என்று காட்டி ஆபத்தான லயத்திலேயே சனத்தை வைத்திருப்பதற்கு இது ஒரு சாட்டாகிவிடக் கூடாது. மீரியபெத்தையில் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் என்பது வேறு கோரிக்கை, அதைத் தலைவர்மார் விடாமல் கேட்க வேண்டும். அதே போல மழை நாளில் குழு வேலைக்கு இறங்கியவருக்கு அன்றையப் பேர் போட வேண்டும் என்று நான் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றேன். பதில் இன்னும் வரவில்லை. அது வரும் வரை பயிற்சியை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வோம்.

என் பொறுப்பில் இருக்கும் தோட்டத்தில் அடுத்த சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் டிவிசன் பிள்ளை மடுவத்தில் கூடுகின்றோம். முதலில் ஒரு லயத்தை இறக்கிப் பார்ப்போம். எத்தனை நிமிடம் பிடிக்கின்றது, கொப்பியில் உள்ள தொகையும் எண்ணிய தொகையும் ஒத்து வருகின்றதா என்று பார்த்துவிட்டு மற்ற லயங்களுக்குப் போகலாம். கொப்பிகளை நான் கொண்டு வருவேன். பழைய குழுவின் விசில் யார் வீட்டிலாவது கிடந்தால் தேடி எடுத்து வாருங்கள்.