பசிக்கு நாள் நட்சத்திரம் இல்லை

ஆடி அமாவாசை, தை அமாவாசை, தீபாவளி, ஆங்கிலப் புத்தாண்டு. இந்த நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒரே வேளையில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். வடை மிஞ்சும், பாயசம் மிஞ்சும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அதே சமையற்கட்டில் அரிசி இருக்கும், குழம்பில் போடக் காய் இருக்காது. கொடுக்கும் மனம் நம்மிடம் குறைவாக இல்லை. ஆனால் பசியைப் பற்றி நாம் கேள்விப்பட்டு நம்பிவிட்ட சில விஷயங்கள், அந்த மனத்தைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன.

நம்பிக்கை: நாட்டில் உணவு போதவில்லை, அதனால்தான் பட்டினி.

1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போது சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த அமர்த்திய சென், பொருளியலறிஞரான பிறகு அந்த ஆண்டின் கணக்குகளை எடுத்துப் புரட்டினார். 1981-இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்லும் செய்தி நம்மை உலுக்க வேண்டியது. 1943-இல் வங்கத்தில் இருந்த உணவு தானியம், அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. 1941-இல் இருந்ததைவிட அதிகம்கூட. 1941-இல் பஞ்சம் வரவில்லை.

அப்படியானால் ஏன் செத்தார்கள்? 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று கடலோர மக்களின் படகுகளை அரசே பறித்துக்கொண்டது. போர்ச் செலவில் பணம் புழங்கியது, வியாபாரிகள் பதுக்கினார்கள், அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. விவசாயக் கூலிக்காரரின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மீனவரின் படகும் போயிற்று. முடிதிருத்துபவர்களை நினைத்துப் பாருங்கள்: அரிசி வாங்கவே காசில்லாதபோது யார் முடிவெட்டிக்கொள்ள வருவார்கள்? கல்கத்தா ஆலைத் தொழிலாளிகளுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. அந்த நகரத்தின் நடைபாதைகளில் சுருண்டு விழுந்தவர்கள், கஞ்சி தேடி வந்த கிராமத்து ஜனங்கள். நெல்லை விளைவித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இன்றைக்கும் கதை அதேதான். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலகில் பசியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 67.3 கோடிப் பேர். உலகம் விளைவிக்கும் உணவு எல்லோருக்கும் போதும். போர், விலை, வேலையின்மை போன்றவைதான் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நிற்கின்றன.

நம்பிக்கை: கல்யாண வீட்டில் மிஞ்சுவதைக் கொடுத்தாலே பசி தீர்ந்துவிடும்.

மிஞ்சியதைக் கொட்டாமல் கொடுப்பது நல்ல காரியம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய முதல் உணவு வங்கியே, கடைகள் வீசி எறிந்த நல்ல உணவைக் காப்பாற்றப் பிறந்ததுதான். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகளும் இந்த வேலையைச் செய்துவருகின்றன.

ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். 2022-இல் உலகம் வீணாக்கிய 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. மண்டபங்களைக் கைகாட்டுவதற்கு முன் நம் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. மத்தியானம் வடித்த சோறு மண்டபத்து வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 'ஏழைதானே, சாப்பிட்டுக்கொள்வான்' என்று இரவு பத்து மணிக்கு அண்டாவை அனுப்புவது தானம் ஆகாது. பந்தியில் பரிமாறாத பாத்திரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கூட்டம் குறைவென்று தெரிந்த உடனேயே, சூடு ஆறும் முன்பே, அனுப்பிவிடுங்கள். நாம் சாப்பிடத் தயங்கும் உணவு யாருக்கும் வேண்டாம்.

நம்பிக்கை: பட்டினி கிடந்தவருக்கு வயிறு முட்டப் போட வேண்டும்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தது. எலும்பும் தோலுமாக இருந்தவர்களைப் பார்த்துப் பதறிய சிப்பாய்கள், தங்கள் தகர டப்பா உணவை அள்ளிக் கொடுத்தார்கள். உண்டவர்களில் பலர் இறந்தார்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த உணவே எமனாயிற்று. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று சோறும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் பொங்கும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய, ரத்தத்தில் அவை சரிந்து இதயம் நின்றுபோகலாம். அந்த முகாமில் மருத்துவர்கள் பின்னர் கொடுத்துப் பார்த்த பால்மாவும் சர்க்கரையும் கலந்த கஞ்சிக்குப் பெயர் 'வங்கப் பஞ்சக் கலவை'. நம் மண்ணின் சாவிலிருந்து கற்ற பாடம் அது.

இன்று கடுமையான ஊட்டக்குறைவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு முதலில் எஃப்-75 என்ற மிதமான பால் கலவையைச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். அதன் பிறகே சத்து கூடிய கலவையைக் கொடுக்கிறார்கள். வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே ஊட்டும்படி, வேர்க்கடலை விழுதும் பால்மாவும் சேர்ந்த 92 கிராம் பொட்டலம் வந்துவிட்டது. பிரான்சில் உருவான 'பிளம்பிநட்' என்ற அந்தப் பொட்டலத்துக்குத் தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். பிரித்து அப்படியே சப்பலாம்.

நம்பிக்கை: பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். பொருளாகத்தான் கொடுக்க வேண்டும்.

இது நம்மிடையே வேரோடிப்போன சந்தேகம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும், உதவிப் பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடவில்லை என்று 2014-இல் எழுதினார்கள். கடையில் அரிசி இருந்து கையில் காசில்லாத இடத்தில் காசு கொடுப்பதே சரி. குழந்தைக்குப் பால் வேண்டுமா, கிழவருக்குக் கேழ்வரகு வேண்டுமா என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும். கடையே இல்லாத, சந்தை நொறுங்கிப்போன இடத்துக்கு மட்டும் மூட்டை போக வேண்டும்.

மூட்டை தவறான நேரத்தில் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்த பழைய துணிகளே சாட்சி. ஹெய்ட்டி நாட்டில் 1995-இல் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வைத்து, மலிவான அமெரிக்க அரிசியை இறக்கினார்கள். உள்ளூர் நெல் விவசாயிகள் நொடித்துப் போனார்கள். அது தவறு என்று அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010-இல் ஒப்புக்கொண்டார்.

சூடானைப் பாருங்கள். 2023-இல் போர் மூண்டதும் அங்குள்ள இளைஞர்கள் தெருத் தெருவாக 'தக்கியா' என்ற பொதுச் சமையற்கூடங்களை நடத்தத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் வாழும் உறவுகள் கைப்பேசி வழியே பணம் அனுப்ப, அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பெரிய பானையில் ஏற்றுவார்கள். பெரிய அமைப்புகளின் லாரிகள் நுழைய முடியாத தெருவிலும் அந்தப் பானை கொதித்தது. இந்தக் கூடங்களுக்குக் கிடைத்துவந்த உதவியை 2025 தொடக்கத்தில் அமெரிக்கா நிறுத்தியபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. அவர்களிடம் ஆள் இருந்தது, அடுப்பு இருந்தது. வந்துகொண்டிருந்த பணம் நின்றதுதான் காரணம்.

நம்பிக்கை: சும்மா சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்.

இந்த ஒரு எண்ணம் நம் ஊரில் உயிர்களைக் குடித்திருக்கிறது. 1877-இல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் துடித்தபோது, செலவைக் குறைக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடினார். கூலி உயர்த்தப்படுவதற்குள் பலர் போய்விட்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டியிருந்தார். வந்தவரின் சாதியையோ உழைக்கும் தகுதியையோ அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.

1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த பள்ளி மதிய உணவும் முதலில் ஊர் மக்களின் நன்கொடையில்தான் நடந்தது. பிறகு அரசு தோள் கொடுத்தது. 1961 முதல் 'கேர்' அமைப்பு கடல் கடந்து பால்மாவும் தானியமும் அனுப்பியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் சமைத்த மதிய உணவு தரச் சொன்னது. 2022-இல் இங்கே காலை உணவும் சேர்ந்தது. அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைகள் படித்தார்கள். நம்மில் பலர் அவர்கள்தான்.

பிள்ளையின் பிறந்த நாளுக்கோ அப்பாவின் திதிக்கோ சாப்பாடு போட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்லத்துக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். 'எங்கள் நாளில் போடலாமா' என்று கேட்காதீர்கள். 'இந்த மாதம் யாரும் பதிவு செய்யாத நாள் எது? அன்றைக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு, அந்த நாளை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.