கற்சிற்பங்களின் மாசு நீக்கும் நுண்ணுயிர்கள்

எம்பெருமானின் ஆலயத்தில் விமானமும் மண்டபமும் திருமதிலும் போற்றுதற்குரியனவே. முன்னோர் அவற்றில் சிற்பங்களையும் கல்வெட்டுக்களையும் பொறித்து வைத்தனர். நாளடைவில் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றின்மேல் படிகின்றன. ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து கொள்கிறது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு நீர் வற்றியதும், உப்பு மணிகளாக உறைந்து பருத்துக் கல்லின் மேற்பரப்பை உதிர்த்துவிடும்.

மாசு நீக்குவது கைங்கர்யமே. முறை தவறினால் அதுவே அபசாரமாகும். அழுத்தக் காற்றால் மணலைப் பீச்சியடித்தால், அழுக்குடன் கல்லின் மேற்றோலும் நீங்கி எழுத்துக்கள் மழுங்கிப் போகும். போன எழுத்து மீளாது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், இரண்டு சிவ ஸந்நிதிகளுக்கிடையே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அக்கோயிலில் தொல்லியல் துறையினர் நனைந்த காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி, உள்ளிருந்த உப்பை உறிஞ்சி எடுத்தனர். கல்லைச் சுரண்டாத முறை இது.

இத்தகைய பொறுமையான முறையே நுண்ணுயிர்களைக் கொண்டு மாசு நீக்குவதும். பாலைத் தயிராக்குபவை உறைமோரிலுள்ள நுண்ணுயிர்களே என்பதை அறிவோம். அவ்வாறே மாசினை உணவாகக் கொண்டு கல்லை விட்டுவிடும் இனங்களும் உண்டு. நகரப் புகையிலுள்ள கந்தகம் சலவைக் கல்லின் சுண்ணாம்புடன் கூடி ஜிப்ஸமாகிக் கரும்பொருக்காகப் படிகிறது. இத்தாலியின் மிலான் பேராலயத்தில், டெசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸ் என்னும் நுண்ணுயிரைப் பூசி அப்பொருக்கை நீக்கினர். அந்நாட்டின் பிளாரன்ஸ் நகரில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய கல்லறையொன்றில், 1537-இல் கொலையுண்ட கோமகன் அலெஸாண்ட்ரோவின் உடல் வைக்கப்பட்டது. அதனால் ஊறிய கறையை, 2020-ஆம் ஆண்டில் செராஷியா ஃபிகாரியா என்னும் நுண்ணுயிர் தின்று தீர்த்தது.

ஆயினும் ஒரு கல்லுக்கேற்றது மற்றொன்றுக்கு ஏற்குமென்பதில்லை. மேற்சொன்னவை சலவைக் கற்கள். நம் ஆலயங்களிற் பல கருங்கல்லாலானவை. ஆதலின் கல்லின் இயல்பையும் மாசின் இயல்பையும் ஆராய்ந்து, சிறிதோரிடத்தில் சோதித்துப் பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். மூலவர் திருமேனிக்கோ ஆகமம் விதித்ததே ப்ரமாணம்.

மாசு படியாமற் காப்பது நீக்குவதினும் எளிது. தூண்களில் எண்ணெயும் குங்குமமும் தடவாமல், சிற்பங்களின் அருகே கற்பூரம் ஏற்றாமல் ஸேவித்துச் செல்வது ஒவ்வொரு பக்தரும் செய்யத்தக்க கைங்கர்யமாகும்.

சுபம்.